நாளைக்கு எந்த வயல்?

என் வீட்டுக்காரர் காத்தானிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் வந்துவிடும். அதுதான் அவருடைய வியாதி. பஸ் நிறுத்தத்தில் மணி கேட்டவனுக்கு மணியைச் சொல்லி, அந்தக் கைக்கடிகாரம் மாயவரத்தில் எந்தக் கடையில் வாங்கியது, வாய்க்காலில் விழுந்து எப்போது நின்றது, அதைப் பழுது பார்த்தது யார் என்று எல்லாவற்றையும் சொல்லி, அவன் ஏற வேண்டிய பஸ்ஸையே தவறவிட வைத்திருக்கிறார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா, "குடிக்கிற பழக்கம் உண்டா மாப்ள?" என்று ஒப்புக்குக் கேட்டார். அதற்கு எல்லா மாப்பிள்ளைகளும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். இவர், "கறி எடுத்தா குடிப்பேன் மாமா. போன வாரம்கூடக் குடிச்சுட்டு மடையில விழுந்து பல்லு ஆடுது, பாருங்க" என்று வாயைத் திறந்து காட்டினார். வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பொய் சொல்லத் தெரியாதவன் கையில் கொடுத்தால் பெண் பத்திரமாக இருப்பாள் என்று அப்பா நினைத்துவிட்டார். அப்படிப்பட்ட ஆளோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தினமும் ஒரு வம்பு வந்து நிற்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எங்களுக்கு வாத்துத் தொழில். சீர்காழியைச் சுற்றி எங்கெல்லாம் அறுவடை நடக்கிறதோ அங்கெல்லாம் பட்டியை, அதாவது வாத்துக் கூட்டத்தை, ஓட்டிக்கொண்டு போவோம். மெஷின் அறுத்துவிட்டுப் போன வயலில் சிந்திக் கிடக்கிற நெல்லையும், சேற்றில் கிடக்கிற நத்தையையும் வாத்துகள் பொறுக்கித் தின்னும். சாயங்காலம் மேட்டில் வலை நட்டு அடைப்போம். விடிந்ததும் முட்டை பொறுக்குவோம். அப்புறம் அடுத்த வயல்.

இந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒரு வாத்துக்காரன் இன்னொரு வாத்துக்காரனைப் பார்த்து "நாளைக்கு எந்த வயல்?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். சொன்ன வயலுக்கே போகவும் வேண்டும். கேட்டவன் தன் வயலையும் சொல்ல வேண்டும். இரண்டு பட்டி ஒரே வயலில் இறங்கினால் வாத்துகள் கலந்துபோகும், எது யாருடையது என்று பிரிப்பதற்குள் மண்டை உடையும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் தெற்கே ஓர் ஊரில் ஒருத்தன் பொய் சொல்லிவிட்டு இன்னொருத்தன் வயலில் இறங்கினான். வாத்துக்கோலாலேயே அடித்துக்கொண்டார்கள். பொய் சொன்னவன் மண்டை பிளந்து வரப்போரத்தில் கிடந்தான். அவன் ரத்தம் கலந்த தண்ணீரில் இரண்டு பட்டி வாத்தும் ஒன்றாக நீந்திக்கொண்டிருந்தன. அதை என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்கு யாரும் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

போன வருஷம் மாசி மாதம், கொள்ளிடக் கரையோரம் சம்பா அறுத்த வயலில் எங்கள் வாத்து மேய்ந்துகொண்டிருந்தது. நான் அன்று போகவில்லை, நடந்ததெல்லாம் இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜெகன் என்று ஒரு பையன், டிராக்டர் ஓட்டுகிறவன். ஆற்றில் திருட்டு மணல் அள்ளிக்கொண்டிருந்த மருதையன் மேல் கலெக்டரிடம் மனு கொடுத்திருந்தான். பட்டப்பகலில் மருதையனும் அவன் ஆட்கள் இரண்டு பேரும் கரைமேல் அவனை மறித்தார்கள். பையன் பைக்கைப் போட்டுவிட்டு வயலில் குதித்து இவரைப் பார்த்து ஓடிவந்தான். "அண்ணே, அண்ணே" என்று கத்திக்கொண்டு வந்தான். சேறு அவன் காலைப் பிடித்துக்கொண்டது. முதல் வெட்டு தோளில் விழுந்தது. இரண்டாவது, தடுத்த கையில். அவன் முட்டிபோட்டதும் மருதையன் பின்னால் வந்து நின்று, வாழைத்தார் வெட்டுகிற நிதானத்தில் கழுத்தில் வெட்டினான். அருவாளை வைக்கோலில் துடைத்துக்கொண்டே இவரைப் பார்த்து, "நீ ஒண்ணும் பாக்கல" என்றான்.

நல்லவேளை, அதை அவன் கேள்வியாகக் கேட்கவில்லை. "பாத்தியா?" என்று கேட்டிருந்தால் என் வீட்டுக்காரர் அங்கேயே "பாத்தேங்க" என்று சொல்லி, அடுத்த வெட்டை வாங்கியிருப்பார்.

போலீஸ் வந்தது. கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்க்கவில்லை. பக்கத்து வயலில் அறுப்பு மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் கடைசியில் இவரிடம், "நீ பாத்தியாய்யா?" என்று கேட்டார். அவ்வளவுதான். ரத்தம் எந்தப் பக்கம் பீச்சியது என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் வாயை மூடினார்.

"ஊரே வாயைக் கட்டிக்கிட்டு நிக்குது. உங்களுக்கு மட்டும் என்னாங்க வந்துச்சு?" என்று வீட்டில் அவர்மேல் பாய்ந்தேன். கையில் கிடைத்த கிண்ணத்தை அவர்மேல் விட்டெறிந்தேன்.

"கேட்டாங்கல்ல நீலா" என்றார்.

மருதையன் ஜாமீனில் வந்துவிட்டான். கேஸ் கோர்ட்டுக்கு வரும் வரைக்கும் இந்த மனுஷன் உயிரோடு இருப்பாரா என்பதுதான் அப்புறம் என் ஒரே கவலை. முதலில் ஆள் அனுப்பி நல்ல வார்த்தை சொன்னார்கள். பிறகு மிரட்டினார்கள். காவலுக்கு ஒரு போலீஸ்காரர் கொஞ்ச நாள் வந்து, வாத்தையும் சேற்றையும் பார்த்துச் சலித்துப்போய், கோயில் திருவிழா பந்தோபஸ்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நான் வலை நடுகிற இரும்புக் கம்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் பின்னால் திரிந்தேன். மகள் பூவிழி தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். லீவுக்குக்கூட வராதே என்று சொல்லிவிட்டேன்.

புரட்டாசியில் புகழேந்தி வந்தான்.

அப்போதெல்லாம் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இப்போது அவன் என்று எழுதினால்தான் எனக்குக் கை ஓடுகிறது. என் வீட்டுக்காரரும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக ஓடிப்போனவர்கள். இரண்டு பேரும் சேர்ந்துதான் முதல் பட்டி வாங்கினார்கள். பிறகு அவன் திருக்கடையூர் பக்கம் போய்விட்டான். வருஷத்தில் ஒருமுறையாவது வருவான், நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். பேசிக்கொண்டிருப்பார்கள் என்றால், இவர் பேசுவார், அவன் சிரிப்பான்.

அன்று ஒரு பெரிய விரால் மீனோடு வந்தான். நான் குழம்பு வைத்தேன். இரண்டு பேரும் வாசலில் பாய் போட்டு உட்கார்ந்தார்கள்.

"இப்பல்லாம் காலையில எப்படா எழுந்திரிக்கிற காத்தா?"

"கோழிக்கு முன்னாடி. வாத்துக்குப் பின்னாடி" என்றார் இவர். "எழுந்ததும் வாய்க்கால்ல ஒரு முங்கு. மூணு சட்டை இருக்கு. ஊதா சட்டைதான் ராசி. அதைப் போட்டா வாத்து சொன்ன பேச்சு கேக்கும்."

"டீ?"

"பாய் கடையில. அஹமது கபீர் பாய் போடுற டீயில சக்கரை கம்மி, பேச்சு ஜாஸ்தி. ரெண்டும் எனக்குப் புடிக்கும். இப்ப இவ விட மாட்டேங்குறா, வீட்டுலயே போட்டுக் குடுக்குறா."

"சோறு?"

"பழையது. சுட்ட கருவாடு. நீ கொண்டாந்தியே விரால், அதெல்லாம் பெரிய மனுஷன் மீன்டா. எனக்குக் கெளுத்திதான். முள்ளு குத்தணும். குத்துனாத்தான் தின்ன மாதிரி இருக்கும்."

இப்படியே போனது. மழை பெய்வது நல்லதா, மேட்டூர்த் தண்ணீர் வருவது நல்லதா. மெஷின் அறுப்பு நல்லதா, கையறுப்பு நல்லதா. மெஷின்தான் நல்லது, நிறையச் சிந்தும், வாத்துக்கு லாபம் என்றார் இவர். ஆளும் கட்சியைப் பற்றிக் கேட்டான். அதற்கு வந்த பதிலை எழுதினால் எங்களுக்கு இன்னொரு கேஸ் வரும். எந்தக் கேள்வியைக் கேட்டாலும் பூ மலர்வதுபோல் மலர்ந்து பதில் சொன்னார். இத்தனை மாதத்தில் அவரிடம் போலீசும் வக்கீலும் தவிர யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. ஊரில் எல்லாரும் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பாவம், அவருக்கு அது பசி.

நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புகழேந்தி சிரிக்கவில்லை. தான் கொண்டுவந்த மீனையே தொடவில்லை. ஆளும் கட்சியைப் பற்றிச் சொன்னபோது அவன் காது இங்கே இல்லை. "எப்ப எழுந்திரிப்பே", "வீட்டுலயே டீயா", "தனியாவா போற, தங்கச்சியும் வருதா" என்பதற்கு வந்த பதில்களை மட்டும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

"மருதையன் மேல உனக்குக் கோவமாடா?"

"கோவம் இல்லடா. அந்தப் பையன் 'அண்ணே'ன்னு கத்திக்கிட்டே ஓடியாந்தான். அந்த வயல்ல வேற யாரும் இல்ல. என்னையத்தான் கூப்புட்டிருக்கான். நான் கோலைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அன்னைக்கு அவனுக்குக் குடுக்காத பதிலைத்தான் கோர்ட்டுல குடுக்கப்போறேன்."

"சாவப் பயமா இல்லையா?"

"சாவுக்கு என்ன பயம்? அடிக்குத்தான் பயம். சின்ன வயசுல வாத்தியார் அடிச்சாருன்னுதானே நீயும் நானும் ஓடிப்போனோம்."

புகழேந்தியின் முகம் கோணியது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "பூவிழி எப்ப ஊருக்கு வருது?" என்றான்.

கையில் இருந்த குழம்புச் சட்டியை நான் கீழே போட்டேன். தவறிப் போடவில்லை. வேண்டுமென்றேதான் போட்டேன். சட்டி உடைந்து குழம்பு வாசல்வரை ஓடியது. இரண்டு பேரும் பதறி எழுந்தார்கள். அந்தக் கேள்வி அதோடு போயிற்று. புகழேந்தி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது.

அவன் கிளம்பிவிட்டான். படலைத் திறந்தவன் திரும்பாமலே நின்றான்.

"காத்தா... நாளைக்கு எந்த வயல்?"

நான் உள்ளேயிருந்து தலையை ஆட்டினேன். வேண்டாம், வேண்டாம் என்று கையையும் ஆட்டினேன். இவர் என்னைப் பார்த்தார். நண்பனின் முதுகைப் பார்த்தார். அவர் முகத்தில் அந்த மலர்ச்சி அணைந்துபோனதை நான் பார்த்தேன்.

"பிடாரி கோயிலுக்குத் தெக்க, மோட்டார் கொட்டாய் வயல்" என்றார். "நீ?"

"நான் நாளைக்குப் பட்டியை அவுக்கல."

குறுவை அறுப்பு நடக்கிற காலத்தில் எந்த வாத்துக்காரன் பட்டியை அவிழ்த்து மேய விடாமல் இருப்பான்?

அவன் போனதும் நான் கத்தினேன். "அது அவன் கேள்வி இல்லங்க. மருதையன் கேள்வி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்னீங்க?"

"கேட்டுட்டானே நீலா. வாத்துக்காரன் வாத்துக்காரனைக் கேட்டுட்டான்."

"சரி, சொல்லித் தொலைச்சீங்க. நாளைக்கு வேற வயலுக்குப் போவோம்."

"சொன்ன வயலுக்குப் போகலன்னா நான் சொன்னது பொய்யாயிடும். அவன் கேட்டது என்னவா வேணா இருக்கட்டும். நான் சொன்னது நான் சொன்னதுதான்." பிறகு சின்னக் குரலில், "அவன் போய்ச் சொல்ல மாட்டான். பாதி வழியில மனசு மாறிடுவான், பாரு" என்றார்.

எனக்கு அவரை அங்கேயே இரண்டு அறை அறையலாம் போலிருந்தது. வாத்தை அடைத்துப் போட்டுவிட்டு நாம் எங்காவது போய்விடலாம் என்று கெஞ்சினேன், அழுதேன். வாத்து பசி தாங்குமா என்று கேட்டார். காலையில் ஊதாச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

அவர்கள் எங்களுக்கு முன்னாலேயே வந்து மோட்டார் கொட்டகைக்குள் காத்திருந்தார்கள். வாத்துகள் வயலில் இறங்கிப் பரவியதும் வெளியே வந்தார்கள். நான்கு பேர். முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். ஒருத்தன் எந்த அவசரமும் இல்லாமல் வந்து அருவாளை ஓங்கினான். இவர் வாத்துக்கோலைக் குறுக்கே பிடித்தார். மூங்கில் இரண்டாகப் போயிற்று. அடுத்த வெட்டுக்கு இடது கையை நீட்டினார். இரண்டு விரல்கள் தெறித்துத் தண்ணீரில் விழுந்தன. மூன்றாவது வெட்டு தாடையில். எலும்பில் இரும்பு படுகிற சத்தம் எனக்குக் கேட்டது. இன்றைக்கும் யாராவது தேங்காய் உடைத்தால் நான் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

அந்த நேரத்தில் எனக்குப் பயம் வரவில்லை. வெறிதான் வந்தது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்து வெட்டினவன் முட்டியில் இறக்கினேன். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒடிந்தது. அவன் ஊளையிட்டுக்கொண்டு விழுந்தான். விழுந்தவனை விடவில்லை, மறுபடியும் அதே இடத்தில் அடித்தேன். இன்னொருத்தன் என் கொண்டையைப் பிடித்து இழுத்து முகத்தைச் சேற்றில் அமுக்கினான். மூக்கிலும் வாயிலும் சேறு. கையில் அகப்பட்ட அவன் காலைக் கடித்தேன். சதை பல்லில் வந்தது. அவன் என் முதுகில் மிதித்தான், நான் விடவில்லை. வாத்துகள் உயிர் போகிற மாதிரி கத்திக்கொண்டு எங்கள்மேல் ஏறி ஓடின.

அப்போது பக்கத்து வயலில் ஓடிக்கொண்டிருந்த அறுப்பு மெஷின் திரும்பியது. போன மாசியில் எதையும் பார்க்காத அதே டிரைவர்தான். ஹாரனை அழுத்திப் பிடித்தபடி, முன்னால் கத்தி சுழலச் சுழல, வரப்பை உடைத்துக்கொண்டு மெஷினை எங்கள் வயலுக்குள் விட்டார். அவர்கள் முட்டி உடைந்தவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓடுகிற வழியில், வஞ்சத்துக்கு, எட்டின வாத்துகளையெல்லாம் வெட்டிக்கொண்டே போனார்கள். தலையில்லாத வாத்துகள் கொஞ்ச தூரம் ஓடி விழுந்தன. நான் சேற்றில் துழாவி இரண்டு விரல்களையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். விரல்களை ஒட்டவைக்க முடியவில்லை. தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன வாய், குழாய் வழியே கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தது. ஹாஸ்டலிலிருந்து ஓடிவந்த பூவிழி அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். "நீ அந்த வயல்ல இருப்பேன்னு யாருக்குய்யா தெரியும்? பேச வேணாம். நான் பேரைச் சொல்றேன், தலையை மட்டும் ஆட்டு."

ஒவ்வொரு பேராகச் சொன்னார். புகழேந்தியின் பேரும் வந்தது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். மீதி இருந்த மூன்று விரலால் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். கட்டுக்குள்ளிருந்து ரத்தம் கசிந்து என் கையில் ஒட்டியது. அவர் பதில் சொல்லாமல் விட்ட முதல் கேள்வி அது. அவர் பிடித்த பிடியில் நானும் வாயை மூடினேன். ஆனால் என் மனசு மூடவில்லை. அன்றிலிருந்து தினமும் மனசுக்குள் புகழேந்தியை ஒருமுறை வெட்டிவிட்டுத்தான் தூங்கினேன்.

மாதங்கள் கழித்துத் தாடைக் கம்பியை எடுத்தபோது வார்த்தைகள் குழறிக்கொண்டு வந்தன. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கேக்குறதுக்கு அவனுக்கு உரிமை இருந்துச்சு. சொன்னது நான்" என்றார்.

"அப்ப என் தாலிக்கு என்ன உரிமை இருந்துச்சு?" என்று கேட்டேன்.

இந்த மாசியில் சம்மன் வந்தது. கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம், வெட்டுக்குத் தப்பிய வாத்துகளை ஓட்டிக்கொண்டு ஆற்றங்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். எதிரே ஒரு பெரிய பட்டி வந்தது. பின்னால் கோலோடு புகழேந்தி. ஆள் பாதியாகியிருந்தான். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டான். திரும்ப வழியில்லை. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வாய்க்கால், நடுவில் வாத்து.

என் வீட்டுக்காரர் அவன் முகத்துக்கு நேரே போய் நின்றார். கோணிப்போன தாடையால் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"நாளைக்கு... எந்த... வயல்?"

அந்தக் கேள்வி என்ன செய்யும் என்று புகழேந்தியைவிட யாருக்குத் தெரியும்? பொய் சொல்வான் என்று நினைத்தேன். அவன், "அய்யனார் திடல் வயல்" என்றான். பதிலுக்கு அவன் கேட்க வேண்டும். கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் கேட்காமலே சொன்னார்.

"நான் மேலக்கரை. பெரிய மதகுக்குப் பக்கத்து வயல்."

நாளை மறுநாள் கோர்ட். காட்டிக்கொடுத்தவனிடமே இருக்கிற இடத்தைச் சொல்கிறார். சொன்ன வயலுக்குத்தான் போவார், அதில் சந்தேகமே இல்லை. அவரோடு பேசிப் பிரயோஜனம் இல்லை என்று எனக்குத் தெரியும். விடிந்ததும் தலைவலி என்று சொல்லி, மெஷின் டிரைவரைக் கூப்பிட்டு அவரோடு போகச் சொல்லிவிட்டு, கதிர் அருவாளைப் புல்லுக்கூடையில் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டு அய்யனார் திடலுக்கு நடந்தேன். புகழேந்தி யாரிடமாவது போனால் வெட்டுவது. போகாவிட்டாலும் வெட்டுவது. அந்த எண்ணத்தோடுதான் போனேன், மறைக்க ஒன்றுமில்லை.

அவன் வயல் நடுவில் நின்றிருந்தான். வாத்துகள் தன்போக்கில் மேய்ந்துகொண்டிருந்தன. சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்திருந்தான். துண்டும் இல்லை. கோலைக்கூடக் கீழே போட்டுவிட்டு, வெறுங்கையோடு, சாலையைப் பார்த்து நின்றிருந்தான். வெட்டு வாங்க வந்து நிற்கிறவன் அப்படித்தான் நிற்பான். என் கையில் அருவாளைப் பார்த்தான். அசையவில்லை.

"அவன் வரலையா தங்கச்சி?" என்றான்.

"போன் எங்க?" என்றேன்.

"நேத்தே வாய்க்கால்ல போட்டுட்டேன். மருதையன் ஆளுங்க என்னைக் கூப்புட்டு மறுபடியும் கேட்டா என்ன செய்யறதுன்னு பயமா இருந்துச்சு." "அன்னைக்குப் பட்டியில மருந்து வச்சுருவோம்னாங்க. கண்ணு முன்னால பத்து வாத்தை நுரைதள்ளக் கொன்னு காட்டுனாங்க. நான்..."

அதற்குமேல் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. அருவாளைத் திருப்பிப் பிடித்து, முதுகுப் பக்கத்தால் அவன் தோளில் ஓங்கி ஒன்று போட்டேன். எலும்பில் பட்டது. அவன் சேற்றில் முட்டிபோட்டான். கையைத் தூக்கவில்லை. அருவாள் இன்னொரு முறை திரும்ப ஒரு நொடிதான் ஆகும். என் கை அதைக் கேட்டது. அந்தப் பையனும் இப்படித்தான் முட்டிபோட்டான் என்று என் வீட்டுக்காரர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இந்த முறை அருவாளோடு நிற்பது மருதையன் இல்லை, நான்.

"அவர் ஏன் வரணும்?" என்று கத்தினேன். "இந்த வயல்னு நீதானே சொன்ன? ஒரு வயல்ல ரெண்டு பட்டி எறங்குமா? அவர் வேற வயலுக்குப் போறதுக்குத்தான் கேட்டாரு. அந்தக் கேள்வி அதுக்குத்தான்டா இருக்கு!"

புகழேந்தி வாயைத் திறந்து என்னைப் பார்த்தான். பிறகு சேற்றில் நெற்றி படக் குனிந்து அழுதான். வாத்துகள் அவனைச் சுற்றி மேய்ந்தன. நான் பொழுது சாயும்வரை வரப்பில் அருவாளோடு உட்கார்ந்து அவனைக் காவல் காத்தேன். மேலக்கரைக்கு யாரும் வரவில்லை என்று டிரைவர் அப்புறம் சொன்னார். நான் அவனை மன்னிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் கோர்ட்டில் என் வீட்டுக்காரரைக் கூண்டில் ஏற்றினார்கள். மருதையன் வெள்ளை வேட்டி சட்டையோடு நின்றிருந்தான். இவர் வாய் கோணக் கோண, எச்சில் வழிய, ஒன்றுவிடாமல் சொன்னார். மருதையனின் வக்கீல் எழுந்தார்.

"உங்களை வெட்டினதும் மருதையன் ஆட்கள்தான்னு சொல்றீங்க. நீங்க அந்த வயல்ல இருக்கீங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது?"

"நான்தாங்க சொன்னேன்."

வக்கீல் சிரித்தார். கோர்ட்டில் நாலு பேர் சிரித்தார்கள். "உங்களை வெட்டறதுக்கு நீங்களே இடம் சொன்னீங்களா? யார்கிட்ட சொன்னீங்க?"

ஆஸ்பத்திரியில் மூடின மாதிரியே இவர் கண்ணை மூடிக்கொண்டார். வக்கீல் நீதிபதியைப் பார்த்து, சாட்சி சொல்வது முழுக்கக் கட்டுக்கதை என்றார். "பதில் சொல்லுங்க, இல்லன்னா நீங்க சொன்னதை எல்லாம் சந்தேகப்பட வேண்டிவரும்" என்றார் நீதிபதி. ஜெகனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து கத்திவிடலாமா என்று நினைத்தேன். இத்தனை ரத்தமும் வீணாகப் போகிறது.

பின்வரிசையில் பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பினேன். தோளைப் பிடித்துக்கொண்டு புகழேந்தி எழுந்து நின்றிருந்தான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"கேட்டது நானுங்க" என்றான்.